ஓநாய்க் குகைக்கு வழி

காரையூர் ஜமீன்தாருக்குத் திடீரென்று ஊர் ஆடுகள் மேல் பாசம் பொங்கியது. ஆடு பிழைக்க வேண்டுமானால் ஓநாய்களைச் சுட்டுக் குறைக்க வேண்டும் என்று விருந்தாளிகளோடு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டார். ஓர் ஓநாய்கூட விழவில்லை. விருந்துக்கு மட்டும் ஊர் ஆடுகள் தினமும் போயின.

ஜமீன்தார் எரிச்சலோடு ஆடு மேய்க்கும் முத்திருளாயியைக் கூப்பிட்டார்.

"ஆட்டெலும்பு எங்கே குவிஞ்சு கிடக்கோ, அதுதான் ஓநாய்க் குகை. பொழுது சாயறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா உன் மந்தை முழுக்க என் அடுப்புக்கு வந்துரும்!"

"ஆகட்டும் சாமி. சத்தம் போடாம வாங்க."

விருந்தாளிகளும் பின்னாலேயே நடந்தார்கள். மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முள்புதருக்கு முன்னால் நிறுத்தினாள். தரையெல்லாம் எலும்பு. ஜமீன்தார் ஆசையாகத் துப்பாக்கியைத் தூக்கினார். புதர் அசைந்தது.

"ஐயோ எசமான், சுட்டுராதீங்க! குழம்பு இன்னும் கொதிக்கல!" என்று கரண்டியோடு எழுந்தான் அவருடைய சமையல்காரன். அது அவர் கூடாரத்தின் பின்பக்கம்.

விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இம்புட்டு எலும்பு வேற எங்கயும் இல்ல சாமி," என்றாள் முத்திருளாயி பணிவாக. "யாரைச் சுடணும்னு நீங்களே பாத்துக்கங்க."

மறுநாள் காலையில் கூடாரம் காலி. அன்றோடு ஊரில் ஓநாய்த் தொல்லை தீர்ந்தது. ஓநாய்கள் மட்டும் மலையிலேயே இருந்தன.