பூவாயி கடை வாசலில் முளைத்த முனியப்பன்

இது சாமி வருகிற கதை. ஒரு சொல் தப்பினாலும் கண்ணைக் குத்திவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. குத்தினால் ஒரு கண்ணோடு விடட்டும். சொல்லிவிடலாம்.

மாந்தோப்பூர் ராஜாவுக்கு ராத்திரி கள் கூடிப்போனால் காலையில் தலை வலிக்கும். தலை வலித்தால் ஒரு சட்டம் போடுவார். அரண்மனை முத்திரை இல்லாமல் கள் விற்கக்கூடாது என்பது ஒரு தலைவலி. விளக்கு வைத்ததும் கடையை மூடவேண்டும் என்பது இன்னொன்று. கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் கள்ளுக்கடை இருக்கக்கூடாது என்பது பொங்கலுக்கு மறுநாள் வந்த பெரிய தலைவலி.

எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டுக் கடை நடத்தியவள் பூவாயி. புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். ஊர் எல்லையில் இருந்த அந்தக் கடைதான் வீட்டுக்குச் சோறு.

அதன்மேல் தளவாய் வல்லபராயருக்கு ஒரு கண். சும்மா திரிகிற மச்சானுக்கு அதை வாங்கிக் கொடுக்க ஆசை. ஒருநாள் காலையில் பூவாயி கடை திறக்கப் போனாள். வாசலுக்கு நேரே ஒரு கல்! மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகியிருந்தது. சுற்றிலும் தளவாயின் ஆட்கள்.

"முனியப்பன் தானா முளைச்சுட்டாரு!" என்று ஒரே கூச்சல்.

வழக்கு சபைக்குப் போயிற்று.

"மகாராஜா, கோயில் வாசலிலேயே கள்ளுக்கடை! மூடச் சொல்லுங்கள்" என்றார் தளவாய்.

ராஜா நெற்றியைத் தடவினார். இன்றைக்கும் தலைவலிதான் போல. அப்போது சபை விகடன் சாத்தையன் மெல்ல எழுந்தான்.

"தளவாய் அய்யா, முனியப்பனுக்கு என்ன படைப்பீங்க?"

"இதுகூடத் தெரியாதா உனக்கு? சேவல், சுருட்டு, கள்..." தளவாயின் வாய் பாதியில் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? மகாராஜா, கோயிலைத் தேடி இவள் கடை போடவில்லை. கடையைத் தேடிச் சாமிதான் வந்திருக்கிறார். கடையை எங்கே மாற்றினாலும் பின்னாலேயே வருவார். தளவாய் மச்சான் கடை வைத்தால் அங்கேயும் வருவார். அதையும் மூடவேண்டும். இப்படியே மூடிக்கொண்டு போனால் சாமிக்கும் கள் கிடைக்காது" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி தங்களுக்கும் கிடைக்காது."

"ஐயையோ!" என்று பதறிய ராஜா, சபையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சாமி குடிக்க வந்த கடையை மூட நான் யார்? வல்லபராயரே, உம் ஆட்கள் கண்டெடுத்த சாமி. தினமும் அந்தக் கடையில் நீரே வரிசையில் நின்று ஒரு கலயம் வாங்கிப் படையும்!"

சாத்தையனுக்கு மோதிரம் கிடைத்தது. பூவாயிக்குக் கடை கிடைத்தது. பயம் மட்டும் போகவில்லை. நாளைக்கே இந்தத் தளவாய் கொல்லைப்பக்கம் ஒரு பிள்ளையாரை முளைக்கவைத்தால்? அவர் கொழுக்கட்டைச் சாமியாயிற்றே, கள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாரே!

அன்று மத்தியானமே மண்வெட்டியை எடுத்தாள். கடையின் மிச்ச மூன்று பக்கமும் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பக்கத்துக்கு ஒரு முனியப்பனை முளைக்கவைத்துவிட்டாள்.