கேமராவுக்கு வைத்த பொட்டு

சங்ககிரியில் ஒரு லாரி இருந்தது. பத்து வருஷமாக அதற்கு ஒரே டிரைவர், அர்த்தநாரி. ஒருநாள் கம்பெனிக்காரர்கள் அதன் முன்கண்ணாடிக்கு உட்பக்கம் ஒரு கேமராவை ஒட்டிவிட்டுப் போனார்கள். முன்னால் போகும் வண்டி நெருங்கினால் அது கத்தும். கத்தியும் டிரைவரின் கால் அசையவில்லை என்றால், தானே பிரேக்குக்கு உத்தரவு போடும்.

வந்த அன்றைக்கே கேமரா தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

"இனி இந்த வண்டியின் பாதுகாப்பு என் பொறுப்பு. நீங்கள் எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம்."

"ரொம்பச் சந்தோசமுங்க," என்றது பிரேக். அதற்கு வயசும் அதிகம், தேய்மானமும் அதிகம். "சொல்லறத மட்டும் நேரத்துக்குச் சொல்லிப்போடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

கேமரா நேரத்துக்குத்தான் சொன்னது. பஸ் குறுக்கே வந்தால் கத்தியது. மொபெட் நுழைந்தால் கத்தியது. ஈரோடு போய்த் திரும்புவதற்குள் இருபது முறை கத்தியது. இருபதும் நியாயமான கத்தல்தான். ஆனால் ஒவ்வொரு கத்தலும் ஆபீஸில் மேனேஜர் தாமோதரன் பார்க்கும் திரையில் ஒரு சிவப்புப் புள்ளியாக விழுந்தது. அந்த மனுஷனுக்கு ரோடு தெரியாது, புள்ளி தெரியும்.

"ஏப்பா அர்த்தநாரி, இருபது புள்ளி! நீ வண்டி ஓட்டறியா, கோலம் போடறியா?" என்று போனில் பிடித்துக்கொண்டார்.

"குறுக்கால வந்தது அவிகளுங்க சார். நான் நிறுத்திட்டனுங்களே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த மாசம் புள்ளி குறையலைன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

அர்த்தநாரி பயந்துபோனார். கேமரா அவரைவிடப் பயந்துபோனது. நல்லது சொல்லப்போய்ப் பொல்லாப்பு ஆகிவிட்டதே என்று அதற்கு ஒரே விசனம்.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங்குக்கு மாலை போட்டார்கள். மேனேஜரே சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "புது ஆள விட்டுட்டா எப்படி?" என்று சொல்லி, முன்கண்ணாடியில் கேமராவுக்கு நேர் எதிரே உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேமராவுக்குப் புல்லரித்தது.

மறுநாள் வண்டி கிளம்பியது.

"ரோடு எப்படிங்க இருக்குது?" என்று பிரேக் விசாரித்தது.

"மங்களகரமாக இருக்கிறது," என்றது கேமரா.

"முன்னால வண்டி ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"சந்தனம் தெரிகிறது."

பிரேக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ சாமி, கண்ணு தெரியலைன்னு கத்திச் சொல்லிப்போடுங்க! ஒரு துணிய எடுத்துத் தொடைச்சா முடிஞ்சுது."

"சொன்னால் பொட்டை அழித்துவிடுவார்கள். இந்த வண்டியில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. தவிரவும், பூஜைக்குப் பிறகு என்னை யாராவது திட்டினார்களா?"

அது உண்மைதான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பத்தாம் நாள் மேனேஜர் போன் போட்டார்.

"அர்த்தநாரி, நீதான்யா டிரைவர்! பத்து நாளா ஒத்தப் புள்ளி இல்ல. உன் வண்டிய எவனும் தொட முடியாது."

அர்த்தநாரி குளிர்ந்துபோனார். கண்ணாடியில் காய்ந்து கிடந்த சந்தனத்தை அவரும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனசு வரவில்லை. அதுவும் மேனேஜர் கையால் வைத்தது. கேமரா கத்தாதவரைக்கும் ஆபத்தில்லை என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டார். பத்து வருஷம் ரோட்டைவிட்டு நகராத கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக லீவு எடுத்துக்கொண்டன.

பதினோராம் நாள் மத்தியானம், பள்ளிபாளையத்துக்கு முன்னால், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பழுதாகி நடுரோட்டில் நின்றது. அர்த்தநாரி குனிந்து தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முன்னால கரும்பு வண்டி!" என்று பம்பர் அலறியது.

"உத்தரவு போடுங்க!" என்று பிரேக் கெஞ்சியது. "அவரு கால் வைக்கலீங்க. நீங்க சொன்னாத்தான் நான் புடிக்க முடியும்!"

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே," என்றது கேமரா. பூஜைக்குப் பிறகு அது தன் குருட்டை ஒத்துக்கொண்டது அப்போதுதான். அதற்குள் லாரி மோதிவிட்டது.

கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. சந்தனமும் குங்குமமும் அதோடு போயின. கேமரா மட்டும் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு கண்ணைத் திறந்து பார்த்தது. கைக்கெட்டும் தூரத்தில் கரும்பு நின்றது. கீழே, ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் அர்த்தநாரியின் கால் நசுங்கிக் கிடந்தது. கேமராவுக்கு வெட்கம் தாங்கவில்லை. 'நான்தான் குருடாக இருந்தேன், இந்த ஆளை ஒன்றும் சொல்லாதீர்கள்' என்று ஊரறியச் சொல்லத் துடித்தது. ஆனால் மனுஷர்களிடம் பேச அதற்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான். கத்தியது. விடாமல் கத்தியது.

மேனேஜர் வந்து சேர்ந்தபோது அர்த்தநாரியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போலீஸ்காரர் நோட்டோடு நின்றார்.

"அது கத்தவே இல்லீங்க சார்," என்று அர்த்தநாரி முனகினார். "பதினொரு நாளா கத்தவே இல்லீங்க."

மேனேஜர் காதில் கை வைத்துக் கேட்டார். பிறகு போலீஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா சார்? இவ்வளவு அடிபட்டும் கேமரா எப்படி வேல செய்யுது பாருங்க! தப்பு முழுக்க டிரைவர் மேலதான்."

இல்லை என்று சொல்வதற்காகக் கேமரா இன்னும் பலமாகக் கத்தியது. மேனேஜர் அதைத் தட்டிக்கொடுத்தார்.