கருவிழியில் ஏறிய சிவப்பு

"அதைக் கொல்ல முடியலீங்க அம்மா," என்றார் நஞ்சப்பன். "மூணு தரம் சுட்டேன். மூணு தரமும் திரும்பி வந்துருச்சு."

மலைமேல் கண்வைத்தியம் செய்துவந்த மயிலாத்தாளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் பாடம் கேட்க வந்த நஞ்சப்பனுக்கு ஐம்பத்தாறு. நரைத்த மீசையோடு கைகட்டி நிற்பது அவருக்குப் பழகிவிட்டது. தோற்றுப்போவதுதான் இன்னும் பழகவில்லை.

"எது வந்துச்சு?"

"ரத்த நரம்புங்க. நூலாட்டம் கருவிழிமேல ஏறுது. மேக்கால சுட்டா கிழக்கால இருந்து வருது."

"எங்க போகுது?"

நஞ்சப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் ஒரே இடத்துக்குங்க. கண்ணு பாப்பாவுக்கு மேல, கடுகளவு இடம். அங்க ஒண்ணுமே இல்லீங்க. ஆனா யாரோ கூப்பிட்டாப்பல எல்லாம் அங்கதான் போகுது. எனக்குப் பயமா இருக்குது."

வாசலில் வேலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஆடு மேய்ப்பவள். ஒரு கண்ணைச் சிறுவயதில் அம்மை கொண்டுபோய்விட்டது. இருப்பது இந்த ஒன்றுதான். அதிலும் இப்போது புகை.

"சிமிட்டறப்பெல்லாம் உள்ள யாரோ நகத்தால கீறறாங்க," என்றாள். "இதுல இவரு காய்ச்சுன ஊசியால சுடறது வேற. குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம்."

கீறுகிற ஆளுக்கும் நஞ்சப்பன் வைத்தியம் பார்த்திருந்தார். வேலாத்தாளின் கழுத்தில் தாயத்துக் கட்டியிருந்தார்.

"எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

அவர் கட்டைவிரலால் வேலாத்தாளின் மேல் இமையைத் தூக்கிப் பிடித்தார்.

"இப்படித்தானுங்க. ஒண்ணுமில்லை, பாருங்க."

மயிலாத்தாள் அவருடைய இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். விளிம்புவரை தண்ணீர் நிறைத்த ஒரு சட்டியை அவற்றில் வைத்தாள்.

"சிந்தாம பாருங்க."

"கையில்லாம எப்படிங்க பார்க்கறது?"

அவள் வேலாத்தாளின் கண்ணைக் கைகாட்டினாள்.

நஞ்சப்பன் குனிந்தார். ஒரு சாண் தூரத்தில் அந்தக் கண் அவரைப் பார்த்தது. அதற்குள் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. முகத்தின் குறுக்கே சிவப்புக் கோடுகள் போய்க்கொண்டிருந்தன.

வேலாத்தாள் சிமிட்டினாள்.

ஏதோ அசைந்தது.

மறுபடி சிமிட்டினாள்.

இமையோடு சேர்ந்து வெள்ளையாக ஒன்று இறங்கியது. அந்தக் கடுகளவு இடத்தைக் கீறியது. மேலே போனது.

சட்டித் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது.

நரைத்த இமைமயிர் ஒன்று உள்பக்கமாக வளைந்து முளைத்திருந்தது. அவர் இமையைத் தூக்கிய போதெல்லாம் அதுவும் கூடவே விலகிப்போயிருந்தது.

"முள்வாங்கி," என்றார். மயிலாத்தாள் சட்டியை வாங்கிக்கொண்டு முள்வாங்கியை அவர் கையில் வைத்தாள்.

பிடுங்கினார்.

வேலாத்தாள் பயந்து பயந்து சிமிட்டினாள். இன்னொரு முறை சிமிட்டினாள். அப்புறம் அழுதாள்.

"சாமி, இப்ப உள்ள யாருமில்லீங்க."

நஞ்சப்பன் மறுபடி குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

"இதை இனி எப்படிங்க கொல்றது?"

"தானா வத்திப்போகும்," என்றாள் மயிலாத்தாள். "புண்ணை ஆத்தறதுக்கு உங்களுக்கு முன்னாலயே வந்ததுங்க அது. அதைத்தான் மூணு தரம் சுட்டுப்போட்டீங்க."