மரகதம் கட்டிய கடிகாரம்

"சாமி, இந்தக் கடிகாரத்துக்கு என்ன கேடுன்னு தெரியலீங்க. என்ற கையில ஓடுது. அவ கையில நின்னு போகுது."

குழந்தைவேலு இதைச் சொல்லிக்கொண்டேதான் வாசலுக்குள் வந்தார். கும்பிடு அப்புறம்தான்.

சாமி வெள்ளியங்கிரி மலை அடிவாரத்தில், ஒரு பாக்குத் தோப்பின் ஓரமாகக் குடியிருந்தார். குழந்தைவேலுவை விட வயதில் இளையவர். தாடியில் பாதி இன்னும் கறுப்பு. அப்போது மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு குழந்தை," என்றார்.

பேரன் எடுத்த மனுஷனை அப்படிக் கூப்பிட ஊரில் அவர் ஒருவர்தான். சாமிக்கு எல்லோரும் ஒருமைதான், கலெக்டரே வந்தாலும்.

"யாரு கையில நிக்குது?"

"எங்க ஊட்டுல, சாமி. மரகதத்து கையில."

குழந்தைவேலு பட்டுத் துணியைப் பிரித்தார். உள்ளே இருந்த கடிகாரத்தைப் பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் எடுத்தார்.

குழந்தைவேலுவின் மில்லை மகன் பார்த்துக்கொள்கிறான். அவர் கடிகாரங்களைப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் ஒரு பீரோ நிறையக் கடிகாரங்கள் இருந்தன. எல்லாம் சுவிட்சர்லாந்து சரக்கு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவருடைய குஞ்சுகளில் சில நிஜமாகவே பொன்.

"பேட்டரி மாத்திப் பாத்தியா?" என்றார் சாமி.

குழந்தைவேலு காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"சாமி! இது பேட்டரி வாட்ச் இல்லீங்க. உள்ள பிறைநிலா மாதிரி ஒரு எடை இருக்குது. நம்ம கை ஆட ஆட அது சுத்தும். அது சுத்தினா சுருள் இறுகும். அதுலதான் ஓட்டம். கட்டினவன் நடந்தான், சோறு தின்னான், சாமி கும்பிட்டான்னா போதுமுங்க, அது பாட்டுக்கு ஓடும்."

"இப்ப ஓடுதா?"

குழந்தைவேலு கண்ணை மூடிக் கண்ணாடி மேல் கட்டைவிரலை வைத்தார்.

"நிக்குதுங்க. காதுல வெக்கவே வேண்டாம். விரலை வெச்சாலே எனக்குச் சொல்லிரும்."

சாமி நிஜமாகவே வியந்தார். தானும் விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, கட்டாத கடிகாரமெல்லாம் நின்னு கிடக்குமா?"

"அதுக்கு ஒரு பெட்டி இருக்குங்க. கரண்டுல ஓடும். உள்ள வெச்சா மெதுவாச் சுத்தி ஆட்டிட்டே இருக்கும். யாரோ கட்டீருக்காங்கன்னு நெனச்சுட்டு கடிகாரமும் ஓடிட்டே இருக்கும்."

"பாவம்," என்றார் சாமி.

சாமி அடுத்த மொச்சையை எடுத்தார்.

"மரகதத்து கதையச் சொல்லு."

குழந்தைவேலு தரையைப் பார்த்தார்.

"பங்குனியில அவளுக்குப் பக்கவாதம் வந்துச்சுங்க. இடது பக்கம். பேச்சு போகலை, அந்த மட்டுக்கும் ஆண்டவன் காப்பாத்துனான். இடது கைதான் சுத்தமா உளுந்து போச்சு."

"உம்."

"வைகாசியில எங்க கல்யாண நாள். வெச்சிருக்கறதுலயே ஒசந்ததை எடுத்து அவ கையில கட்டி உட்டேன். இதேதானுங்க. நானே இதைக் கட்டிட்டு வெளிய போனதில்லை. இதோட முதுகுல ஒட்டியிருந்த தாளைக் கூட அன்னைக்குத்தான் உரிச்சேன்."

"சந்தோசப்பட்டாளா?"

"அவ்வளவு சந்தோசமுங்க. அப்புறம் ரெண்டே நாள்ல நின்னு போச்சு. மெக்கானிக்கிட்டக் கொண்டு போனேன். ஒரு கோளாறும் இல்லைன்னுட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் தெனமும் பொழுது சாயக் கழட்டிப் பெட்டியில வெச்சுருவேன். விடியக் கட்டி உடுவேன். இப்ப நேரம் தப்பறதில்லை. ஆனா, கழட்டறப்ப அவ மூஞ்சியத் திருப்பிக்கறா, சாமி. முந்தாநாள் கண்ணுல தண்ணி. என்னம்மான்னு கேட்டா, ஒண்ணுமில்லீங்க மாமாங்கறா. அதுக்கப்புறம் பெட்டியில வெக்க மனசு வரலை, இதுவும் நின்னு போச்சு. அதான் ரெண்டு ராவாத் தூங்காம இங்க வந்தேன்."

சாமி முறத்தைத் தள்ளி வைத்தார்.

"விரலை வெச்சே கடிகாரத்துக்கு நாடி பாக்கற ஆளு நீ. அவ கையில ஏன் நிக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

குழந்தைவேலு பட்டுத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தெரியுமுங்க," என்றார் கடைசியில். "மெக்கானிக் ஏதாச்சும் கோளாறு இருக்குன்னு சொல்லிர மாட்டானான்னு இருந்துச்சுங்க."

சொல்லிவிட்டு அழுதார். அறுபது வயது ஆள் அழுவதைப் பார்க்கச் சாமிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழ விட்டார்.

"அந்தக் கையை நீ புடிச்சியா குழந்தை?"

"நர்ஸம்மா வருதுங்க. அதுதான் கைக்குப் பயிற்சி கொடுக்குது."

"நான் நர்ஸம்மாளைக் கேக்கலை."

"பயமா இருக்குதுங்க சாமி. தூக்கினா பொத்துன்னு உளுகுது. மாடு கட்டி, பாலு கறந்து, என்னை ஒரு ஆளாக்குன கைங்க அது. பட்டையோட கொக்கியை மட்டும் தொட்டுக் கழட்டிக்குவேன்."

சாமி தன் இடது கையை நீட்டினார்.

"எனக்குக் கட்டி உடு."

குழந்தைவேலு கட்டிவிட்டார். சாமி கையை மடியில் போட்டார். அது அங்கேயே கிடந்தது.

"ஓட்டு," என்றார் சாமி.

"நீங்கதான் கையை ஆட்டணுமுங்க."

"என்ற கை ஆடாது."

"அப்பப் பெட்டிதானுங்க வேணும்."

"பெட்டி இங்க இல்லை."

குழந்தைவேலு சாமியின் முகத்தைப் பார்த்தார். சாமி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழி இல்லாமல், மடியில் கிடந்த கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். தூக்கினார். தூளி ஆட்டுவது போல மெல்ல ஆட்டினார்.

விநாடி முள் நகர்ந்தது.

"ஓடுதுங்க சாமி!"

இத்தனை கடிகாரம் ஓடப் பார்த்தவர், அன்றுதான் முதல் கடிகாரத்தைப் பார்த்தவர் போலச் சிரித்தார். அப்புறம் தன் கையில் கிடந்த கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"போயிட்டு வர்றனுங்க," என்று எழுந்தார்.

கார் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். கடிகாரம் சாமியின் கையிலேயே இருந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள், தோப்போரம் கார் வந்து நின்றது. குழந்தைவேலு மட்டும் இறங்கினார்.

"மரகதம் வந்திருக்கறாளுங்க சாமி. தண்ணி கேட்டா," என்று சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார்.

சாமி காருக்கு அருகில் போனார்.

"கும்பிட ஒரு கைதானுங்க இருக்குது சாமி," என்றார் மரகதம்.

"ஒண்ணு போதும் அம்மிணி."

இடது கை மடியில் இருந்தது. அதில் அந்தக் கடிகாரம் கட்டியிருந்தது. சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மணிக்கட்டு மெதுவாகப் புரண்டது. சேலை மடிப்பை விரல்கள் நீவிச் சரிசெய்தன.

"கை அசையுதே!"

"சத்தம் போடாதீங்க சாமி." மரகதம் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "புரட்டாசியில இருந்தே அசையுதுங்க. கடிகாரமும் தானாத்தான் ஓடுது. அவியளுக்குத் தெரியாது. நர்ஸம்மாகிட்டயும் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கறன். நீங்களும் சொல்லிப் போடாதீங்க."

"ஏன் அம்மிணி?"

"தெரிஞ்சா ஆட்டறதை உட்டுருவாங்கல்லங்க. சாயங்காலமானா பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுக்கறாங்க. மில்லு கதை, ஊர்க் கதையெல்லாம் பேசறாங்க. கல்யாணம் கட்டிட்டு வந்த புதுசுல கூட இவ்வளவு பேசினதில்லீங்க."

சாமி தலையாட்டினார்.

குழந்தைவேலு தளும்பத் தளும்பத் தண்ணீரோடு வந்தார். மரகதம் குடிக்கும் வரை சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

கை சமர்த்தாகத் துவண்டு கிடந்தது.

அவருடைய கட்டைவிரல் கண்ணாடி மேல் போய் ஒரு கணம் நின்றது. அப்புறம் ஆட்டத் தொடங்கினார்.

"குழந்தை," என்றார் சாமி. "கடிகாரம் இப்ப எப்படி? தானா ஓடுதா?"

குழந்தைவேலு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"எங்கீங்க சாமி. நான் புடிக்கலைன்னா நின்னு போகுதுங்க."