பலகையும் விசாரணை ஜன்னலும்

"டீச்சர், எந்த ஹோஸ்டிங் எடுக்கட்டும்?"

ஆறுமுகநயினார் இப்படிக் கேட்டபோது வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். செல்போன் கடைக்கு மேலே, மாடியில் ஒரே ஓர் அறை. அங்கேதான் செண்பகவடிவு டீச்சர் வெப்சைட் செய்யச் சொல்லிக் கொடுத்தார். டீச்சருக்கு முப்பது வயது இன்னும் ஆகவில்லை. நயினாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எவர்சில்வர் பாத்திரக் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, இந்த வயதில் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். கூடப் படிக்கிற பையன்கள் அவரை 'குக்கர் சார்' என்று கூப்பிடுவார்கள். அவருக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

வெப்சைட்டைச் செய்து முடித்தால் மட்டும் போதாது. ஊர் அதைப் பார்க்க வேண்டுமென்றால், எந்நேரமும் விழித்திருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் அதற்கு இடம் பிடிக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர்தான் சர்வர். அதில் இடம் தருகிற தொழில்தான் ஹோஸ்டிங்.

நயினார் செய்திருந்தது தேர்த் திருவிழாவுக்கான வெப்சைட். கூட்டத்தில் வழி தவறுகிற குழந்தைகளைக் கண்டுபிடிக்க. நாலு ரத வீதி முனையிலும் ஓர் உதவிப் பந்தல். தனியாக அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையைக் கொண்டுவந்தால், பந்தலில் இருப்பவர் பெயரையும் உடையையும் போனில் எழுதி 'அனுப்பு' என்பதை அழுத்துவார். பிள்ளையைத் தேடி வருகிறவர் எந்தப் பந்தலில் கேட்டாலும், பெயரைப் போட்டு 'தேடு' என்பதை அழுத்தினால், பிள்ளை எந்தப் பந்தலில் இருக்கிறது என்று பதில் வரும்.

நல்ல யோசனைதான். நயினார் அதோடு நிறுத்தியிருக்கலாம். விழாக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த வருசம் மைக்கே வேண்டாம். வெப்சைட் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டார். கமிட்டியும் நம்பி, வீதிகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதை விட்டுவிட்டது.

"ரெண்டு கம்பெனி பாத்து வச்சிருக்கேன் டீச்சர். ஒண்ணுல பக்கம் கண்ணை மூடித் தொறக்குமுன்ன வந்துருது. இன்னொண்ணு கொஞ்சம் இழுக்கு. எதை எடுக்க?"

டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார். "வாங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் டீ குடித்தார்கள். குடித்து முடித்ததும் டீச்சர் கேட்டார்.

"களக்காட்டுக்கு அடுத்த வண்டி எப்பன்னு அந்தப் பலகையில பாருங்க."

நயினார் பார்த்தார். "அஞ்சு பத்து."

"இப்ப அந்த ஜன்னல்ல கேளுங்க."

விசாரணை ஜன்னலுக்குள்ளே இருந்தவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். வாயிலிருந்ததை மென்று விழுங்கி, யாருக்கோ போன் போட்டு, பேசி முடித்து, அப்புறம்தான் நயினாரை ஏறிட்டுப் பார்த்தார். "பாலத்துல வேலை நடக்கு. அந்த வண்டி இன்னைக்கு உள்ள வராது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நில்லும். சும்மா சும்மா கேக்காதியும்" என்று எரிந்து விழுந்தார்.

நயினார் திரும்பி வந்தார்.

"ரெண்டுல எது அண்ணாச்சி?"

"இதுல என்ன சந்தேகம்? பலகைதான். கேட்ட ஒடனே சொல்லுது. முறுக்குத் திங்கலை. மூஞ்சியும் காட்டலை."

டீச்சர் டீக்குக் காசு கொடுத்தார். "நல்லா யோசிங்க" என்று மட்டும் சொன்னார்.

நயினார் யோசித்துக் காலத்தைக் கழிக்கிற ஆள் இல்லை. அன்றைக்கே வேகமான கம்பெனியில் இடம் எடுத்தார். எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். தன் போனில் திறந்து பார்த்தார். பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. கோபுரப் படம், தேர்ப் படம், 'அனுப்பு', 'தேடு' இரண்டு பொத்தான்கள். எல்லாம் அழகு. பொத்தானை அழுத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அதைத்தான் வீட்டு லேப்டாப்பில் அழுத்தி அழுத்திப் பார்த்தாயிற்றே, ஒரு தடவைகூடத் தப்பவில்லையே.

தேருக்கு முந்தின வாரம் டீச்சர் மதுரைக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கிளம்பினார். படியில் இறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"வீட்டு லேப்டாப்புல இல்ல அண்ணாச்சி. வெளிய இருந்து பாத்தியளா?"

"பாத்தேன் டீச்சர். டக்குனு தொறக்கு."

"தொறக்கும். கேட்டா பதில் சொல்லிச்சா?"

பையன்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நயினாருக்கு முகம் சூடானது. கடையில் உட்கார்ந்த காலமெல்லாம், "மூணு லிட்டர் குக்கர் இருக்கா?" என்று எவர் கேட்டாலும் "இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போய்த் தேடுவார். அந்த நாக்கு இப்போதும் முந்திக்கொண்டது.

"சொல்லிச்சு."

டீச்சர் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார்.

தேரன்று ஊர் கொள்ளாத கூட்டம். கீழ முனைப் பந்தலில் நயினார் புது வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். தேர் தெற்கு ரத வீதியைக் கடந்து மேற்கில் திரும்பியிருந்தது. கொட்டும் சங்கும் ஊரைத் தூக்கின. இதுவரை ஒருத்தர்கூடப் பிள்ளையைத் தேடி வரவில்லை. நயினாருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போது ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கையில் ஒற்றைச் சின்னச் செருப்பு.

"ஐயா, எம்புள்ளையக் காங்கலை. தர்ஷினின்னு பேரு. பச்சைப் பாவாடை. இப்பத்தான் கையப் புடிச்சிட்டு நின்னா. அந்தக் கொளத்துப் பக்கம் கிளத்துப் பக்கம் போயிருந்தான்னா..."

வடக்கு வீதியை ஒட்டித் தெப்பக்குளம். படிக்கட்டெல்லாம் பாசி.

"ஒம் பேரு என்னம்மா?"

"முப்பிடாதி."

"பயப்படாத முப்பிடாதி. நொடியில சொல்லிரும்." அவள் போனையே வாங்கி, வெப்சைட்டைத் திறந்து, பெயரைப் போட்டு, 'தேடு' என்பதை அழுத்திக் கொடுத்தார்.

பதில் வரவில்லை. போனில் ஏதோ ஒரு ஃபைல் இறங்கியது. முப்பிடாதி அதைத் தொட்டாள். திரை நிறைய எழுத்து விரிந்தது.

"ஐயா, என்னமோ நெறைய எழுதிருக்கே. எம்புள்ள எங்கன்னு போட்டிருக்கா? எனக்கு இங்கிலீசு வராது. நடுவுல தமிழும் இருக்கு. நீங்களே வாசிங்க."

நயினார் போனை வாங்கிப் பார்த்தார். அது அவர் எழுதிய புரோகிராம். சர்வர் செய்ய வேண்டிய வேலையைச் சர்வருக்கு அடி அடியாகச் சொல்லி அவர் எழுதிவைத்தது. ஒவ்வொரு அடிக்கும் மேலே, அது எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான். அதில் ஒரு குறிப்பில் அவர் கண் நின்றது.

'தேடி வந்தவரிடம் குழந்தை இருக்கும் இடத்தைச் சொல்.'

"என்ன போட்டிருக்கு ஐயா?"

நயினாருக்குப் புரிந்துவிட்டது. வீட்டு லேப்டாப்பில் புரோகிராமை ஓட்ட ஆள் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இருந்தது, அவரே போட்டு வைத்திருந்தார். இந்தக் கம்பெனியின் சர்வரில் அந்த ஆள் இல்லை. வைத்ததை எடுத்துக் கொடுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். படம் கேட்டால் படத்தைக் கொடுக்கும். புரோகிராமைக் கேட்டால் அதை ஓட்டாது, அப்படியே தூக்கிக் கையில் கொடுத்துவிடும். அதனால்தான் அவ்வளவு வேகம்.

மைக் இல்லை. ஸ்பீக்கர் இல்லை. அவர் வாயால் வேண்டாமென்று சொல்லி நிறுத்தியது. முப்பிடாதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். செருப்பு அவள் கைக்குள் நசுங்கியது.

"என்ன அண்ணாச்சி?"

டீச்சர். மதுரையிலிருந்து அன்று காலைதான் வந்திருந்தார். தேர் பார்க்க வந்தவர் பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். நயினார் போனை நீட்டினார். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அவர் முகமும் மாறியது.

"டீச்சர், வேற ஹோஸ்டிங் சொல்லுங்க. இப்பவே மாத்திருதேன். எது ஓட்டும்னு மட்டும் சொல்லுங்க!"

"அதுக்கு நேரமில்லை. இதை வாசிங்க. மொத அடி."

"டீச்சர், புள்ளையக் காணும்ங்காவ..."

"வாசிங்க!"

டீச்சர் குரல் உயர்ந்து நயினார் கேட்டதே இல்லை. வாசித்தார். "குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் வாங்கு."

"வாங்கிட்டியளா?"

"தர்ஷினி. பச்சைப் பாவாடை."

"அடுத்த அடி."

"பந்தல்களில் பதிவான குழந்தைகளை ஒவ்வொன்றாக எடு."

"எடுங்க."

நயினார் ஒரு நொடி விழித்தார். சட்டென்று தன் போனை எடுத்து மேல முனைப் பந்தலுக்கு அடித்தார். கொட்டுச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. அங்கே வந்திருந்தது ஒரு பையன் மட்டும். தெற்கு முனையில் யாருமே இல்லை. வடக்கு முனைக்கு அடித்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தார். எடுக்க ஆளில்லை.

"டீச்சர், எடுக்க மாட்டேங்கான்."

"நிக்காதிய அண்ணாச்சி! இன்னும் அடி முடியல."

தேர் வடக்கு வீதிக்குள் நுழைந்துவிட்டால் வடம் பிடிப்பவர்களைத் தாண்டி ஈ எறும்பு போக முடியாது. நயினார் செருப்பை உதறிவிட்டு ஓடினார். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடித்து, திட்டு வாங்கி ஓடினார். முப்பிடாதி அவர் பின்னாலேயே வந்தாள். வடக்கு வீதியில் அவர் கண் போகக்கூடாத இடத்துக்கே போனது. குளத்துப் படியில் ஏதோ பச்சையாக. இறங்கிப் பார்த்தார். வாழை இலை.

வடக்கு முனைப் பந்தல். தொண்டர் மூங்கில் தடுப்பு மேல் ஏறி நின்று தேர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், பெஞ்சில், பச்சைப் பாவாடை. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் பாதி தின்ற குச்சி ஐஸ்.

நயினார் மூச்சு வாங்க நின்றார். புரோகிராமில் கடைசி அடி ஒன்று பாக்கி இருந்தது. திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்தவளிடம் கத்தினார்.

"முப்பிடாதி! வடக்குப் பந்தல்! இங்க இருக்கா!"

அவள் பிள்ளையை அள்ளினாள். அள்ளிய கையோடு முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள். நயினாருக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

தொண்டர் இறங்கி வந்தார். "என்ன அண்ணாச்சி அழுதிய? நான் அப்பவே அனுப்பிட்டேனே. ரசீதுகூட வந்துச்சு." போனைக் காட்டினார். அதே ஃபைல்.

மறுநாள் தெப்பத் திருவிழா. கூட்டம் தேரைவிடக் குறையாது. அன்று காலையிலேயே நயினார் கமிட்டிக்குப் போய், நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரைக் கட்டச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் அந்த இழுக்கிற கம்பெனிக்குப் போன் போட்டார். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் எழுதின புரோகிராமை ஒங்க சர்வர் ஓட்டுமா?" என்று கேட்டார். எந்த மொழியில் எழுதியது என்று அவர்கள் கேட்டார்கள். சொன்னார். ஓட்டும் என்றார்கள். அதையும் நம்பிவிடாமல், ஏற்றி முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே நடந்தார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டார்.

டீச்சர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நயினார் பக்கத்தில் நின்று, இல்லாத ஒரு பிள்ளையின் பெயரைப் போட்டு 'தேடு' என்பதை அழுத்தினார். திரை வெள்ளையாகவே நின்றது. இன்னும் நின்றது. பிறகு வந்தது.

'அந்தப் பெயரில் எந்தப் பந்தலிலும் குழந்தை இல்லை.'

இல்லை என்ற பதிலைப் பார்த்து அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். போனை டீச்சரிடம் காட்டினார். டீச்சர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நயினாருக்குள் ஒரு கோபம் நேற்றிலிருந்தே கிடந்தது. அது இப்போது வெளியே வந்தது.

"ஒரு வார்த்தை டீச்சர். 'அது புரோகிராம் ஓட்டாது'ன்னு அன்னைக்கே ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பொம்பள அப்படித் துடிச்சிருப்பாளா?"

டீச்சர் டீக்கிளாசைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

எதிரே பலகையில் களக்காட்டு வண்டி அஞ்சு பத்து என்றே எழுதியிருந்தது. பாலத்து வேலை இன்னும் முடியவில்லை. விசாரணை ஜன்னலில் அந்த ஆள் யாருக்கோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா, பதில் சொல்லிச்சான்னு நான் கேட்டேன்" என்றார் டீச்சர். "கேட்ட ஒடனே சொன்னிய அண்ணாச்சி. அந்தப் பலகை மாதிரி."

நயினார் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.