தெரிந்த கதவு

"எல்லாத்தையும் அடைச்சிட்டேன் மேடம். ஆனாலும் மனசு அடங்க மாட்டேங்குது" என்றான் செங்கோடன்.

ஈரோட்டில் நெட்வொர்க் வகுப்பு நடத்தும் மெஹருன்னிசா அவனைவிட வயதில் இளையவர். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எப்படிச் சோதிச்சீங்க?"

"எங்க வீட்டு ரூட்டரை வெளியில இருந்து ஸ்கேன் பண்ணினேனுங்க. ஒவ்வொரு போர்ட்டா, கதவு கதவாத் தட்டினேன். ஒண்ணுகூடப் பதில் சொல்லலை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணை மட்டும் தட்டலீங்க. அது நானே திறந்து வச்சது. தெரிஞ்ச கதவை எதுக்குத் தட்டணும்?"

மெஹருன்னிசா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எதுக்குத் திறந்தீங்க?"

"அப்பா கட்டில்கிட்ட இருக்கிற கேமராவுக்குங்க. இடுப்பு ஒடிஞ்சதிலிருந்து படுக்கைதான். வேலையில இருந்தபடியே பார்த்துக்குவேன்."

"அப்பா ஒத்துக்கிட்டாரா?"

"லேசில இல்லீங்க. சட்டை போடாம வாசலுக்குக்கூட வராத மனுசன். நீ ஒருத்தன்தான் பார்க்கணும், சத்தியம் பண்ணுன்னு கையை நீட்டினார். பண்ணியிருக்கேன்."

"பாஸ்வேர்டு?"

"டப்பாவோட வந்ததேதான். நான் ஒருத்தன் பார்க்கிறதுக்கு அதை வேற மாத்தணுமாக்கும்?"

அவர் புருவத்தை உயர்த்தினார்.

அதுதான் செங்கோடனுக்கு உறைத்தது. "சந்தேகமா இருந்தா நீங்களே தட்டிப் பாருங்க."

"உங்க வீடு. நீங்க சரின்னு சொல்லணும்."

"சரிங்க. திறந்தா உள்ள வாங்க, டீ போட்டுத் தர்றேன்."

ரூட்டரின் ஐ.பி. எண்ணை அவனே சொன்னான். அவர் தன் போனில் தட்டினார். கேமரா கம்பெனியின் பெயர் வந்தது; அதோடு வரும் பாஸ்வேர்டை இணையத்தில் தேடிப் போட்டார். பிறகு திரையை அவன் பக்கம் திருப்பினார்.

அப்பாவின் கட்டில்.

உடம்பு துடைத்துவிட வரும் ஆள் ஈரத்துண்டைப் பிழிந்து வைத்துவிட்டு, அப்பாவின் வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

செங்கோடன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. இரண்டு கைகளாலும் திரையைப் பொத்தினான்.

மெஹருன்னிசா போனை இழுக்கவில்லை. அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பொத்தினது என் போனை மட்டுந்தான் சார்" என்றார்.