சிரஸ்தார் போட்ட வாய்தா

எங்கள் முன்சீப் கோர்ட் பழைய ஓட்டுக் கட்டிடத்தில் இருந்த காலம் அது. இப்போது புது வளாகம் வந்துவிட்டது. வழக்கு எண் டிவியில் ஓடுகிறது. அப்போது எனக்கு அங்கே டைப் அடிக்கிற வேலை. அரக்கு வாசனையும், மழை வந்தால் வழக்குக் கட்டுகளை எல்லாரும் சேர்ந்து மேசை மேல் தூக்கி வைத்ததும் இன்னும் நினைவில் இருக்கிறது. அதைவிட, அங்கே இருந்த இரண்டு பேரை நினைத்தால்தான் மனசு ஏங்குகிறது.

ஒருவர் நீதிபதி அமலோற்பவம் அம்மா. இன்னொருவர் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் பக்கீர் முகமது, சிரஸ்தார் என்போம். பதவியில் அம்மா மேலே. வயதிலும் அம்மாதான் இரண்டு வருஷம் மூத்தவர். ஆனாலும் தான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வழக்குக் கட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் சிரஸ்தார் என்பதால், எல்லார் முன்னாலும் அம்மா அவரை “குருவே” என்றுதான் கூப்பிடுவார். சிரஸ்தார் கூச்சத்தில் நெளிவார்.

வழக்குகள் தேங்கிக் கிடப்பது அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது. மேலிடம் நடத்திய ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார். வந்ததும் பெரிய அட்டையில் ஒரு படம் வரைந்து சுவரில் மாட்டினார். ஒரு வழக்கு மனுவாக உள்ளே வந்து தீர்ப்பாக வெளியே போகும் வரை இருபத்து மூன்று கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. கம்பெனிகளில் வேலை எப்படி நகர்கிறது என்று இப்படித்தான் வரைந்து பார்த்துச் சரிசெய்வார்களாம். வாய்தாவுக்கு, வந்த கட்டத்துக்கே திரும்பும் சின்ன வளைவுக்கோடு ஒன்று. சும்மா சொல்லக்கூடாது, படம் அழகாக இருந்தது.

“குருவே, இதுல நேரம் எங்க வீணாகுது? பதினாலாம் தேதி மேலிடத்துக்கு அறிக்கை போகணும்.”

சிரஸ்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சொல்றேன்மா. நீங்க இருக்கணும்.”

மறுநாள் பத்துக்கு முன்பே அம்மா வந்துவிட்டார். சிரஸ்தார் எட்டிப் பார்த்தபோது கோர்ட் ஆரம்பிக்கும் நேரமாகிவிட்டது.

“இன்னைக்கு நேரமில்லம்மா. திங்கக்கிழமை.”

திங்கட்கிழமை சாப்பிடாமல்கூட ஓடி வந்தார் அம்மா. சிரஸ்தார் விடுப்பு. மேசை மேல் துண்டுச் சீட்டு: வியாழன், பத்து மணி.

வியாழக்கிழமையும் அம்மா வந்தார்.

“படத்தோட நகல் எனக்குத் தரலையேம்மா. வர்ற செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்.”

அம்மா நகல் எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை, தேதி பதின்மூன்று.

“படிக்க இன்னும் கொஞ்சம் அவகாசம் வேணும்மா.”

நீதிபதியிடம் போய் ஒரு சிரஸ்தார் இப்படியா விளையாடுவது? மெமோ அடிக்கச் சொல்வார் என்று பயந்து பேப்பரை மெஷினில் சொருகியே வைத்துவிட்டேன்.

அம்மா கத்திவிட்டார். “சொல்ல முடியாதுன்னா எதுக்கு என்னை வரச் சொல்றீங்க? நாலு தடவை! எனக்கு வேற வேலை இல்லையா?”

“இதையேதாம்மா வெயிலுகந்தம்மா போன மாசம் என்கிட்ட கேட்டாங்க.”

சிரஸ்தார் அக்குளில் இடுக்கியிருந்த வழக்குக் கட்டை மேசை மேல் வைத்தார்.

வெயிலுகந்தம்மாள் வழக்கு எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டுக்குப் போகும் பாதையை மறித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சுவர் எழுப்பிவிட்டார். வாதம் வந்து படுத்த புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அடுத்தவர் மாட்டுத் தொழுவம் வழியாகக் கட்டிலோடு தூக்க வேண்டும். நாலு வருஷமாக இதே பாடு.

அம்மா கட்டைப் பிரித்து, வாய்தாக்களுக்கு எழுதியிருந்த காரணங்களை வாய்விட்டுப் படித்தார். நேரமின்மை. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. நகல் தரப்படவில்லை. அவகாசம் கேட்டதால் ஒத்திவைப்பு. படிக்கப் படிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

“மொத்தம் எத்தனை?”

“உங்களுக்கு நாலும்மா. அவங்களுக்கு முப்பத்தேழு.”

“அடுத்தது எப்ப?”

“இன்னைக்கு.”

அம்மா மணியை அடித்தார். டவாலி வந்து நின்றார்.

“வெயிலுகந்தம்மா வந்திருக்காங்களா, பாருங்க.”

டவாலி பார்க்கப் போகவில்லை. “எட்டு மணிக்கே வந்துட்டாங்கம்மா. எப்பவும் அப்படித்தான்.”

அன்று முதல் வழக்கே அதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து வழக்கம்போல் அவகாசம் கேட்டார்.

“தர்றேன்,” என்றார் அம்மா. “எதுக்குன்னு அவங்களைப் பார்த்து நீங்களே சொல்லிடுங்க.”

வக்கீல் திரும்பினார். வெயிலுகந்தம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். அவர் தன் கட்டைப் பிரித்தார்.

மத்தியானத்துக்குள் விசாரணை முடிந்தது. அறிக்கை ஒரு வாரம் தாமதமாகப் போய், மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தீர்ப்பை நான்தான் டைப் அடித்தேன். என் சர்வீஸிலேயே ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தது அந்த ஒன்றுதான். சுவரை எடுக்கச் சொல்லி உத்தரவு. எதிராளியும் மேற்கொண்டு வம்பு பண்ணாமல் எடுத்துவிட்டார். முதல் தடவை ஆட்டோ வாசல் வரைக்கும் வந்தபோது புருஷன்காரர் அழுதுவிட்டாராம். கேட்டு எனக்கும் அழுகை வந்தது.

தீர்ப்பு சொன்ன அன்று சாயங்காலம் அம்மா அந்தக் கட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தார். சிரஸ்தார் அதை வாங்கிப்போகக் காத்து நின்றார்.

“குருவே, இந்த முப்பத்தேழாவது வாய்தா போன மாசம் போட்டது. காரணம், ‘நீதிபதி வேறு பணியில்’னு இருக்கு. நான் எங்க போயிருந்தேன்?”

சிரஸ்தார் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார்.

“இதை வரையக் கத்துக்கப் போயிருந்தீங்கம்மா.”